விற்று முடியாத புத்தகம்

1

கும்பகோணத்தில் இருந்த என் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஐப்பசியில் காலமானார். தபால் இலாகாவில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். அவர் எழுத்தாளர் இல்லை. எங்களில் சிலருக்கு வாசகர். எங்களுக்கு இருக்கும் வாசகர்களின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால் இது சாதாரண ஸ்தானம் அல்ல. ஒரு கவிதை வெளியான பத்தாம் நாள் அவரிடமிருந்து கார்டு வரும். எந்த வரி கவிதை, எந்த வரி வெறும் ஓசை என்பது நாலு வாக்கியத்தில் அதில் இருக்கும். பாராட்டு அபூர்வம்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். "தம்பி, இந்தப் புஸ்தகங்களை நீங்க மூணு பேரும் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. கரையான் திங்கறதுக்கு நீங்க தின்னாலும் பரவாயில்லை" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தோம். நின்றுபோன சிற்றேடுகளின் பைண்டு வால்யூம்கள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ருஷ்ய மொழிபெயர்ப்புகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் அவருடைய சின்ன எழுத்து. எங்களுக்குள் ஒரு பாரதி பதிப்புக்குச் சண்டை வந்தது, தீர்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பதிப்பாளனும் வந்து "இது அவருக்கு விற்றது, உங்களுக்கு அல்ல" என்று சொல்லவில்லை. இது அப்போது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை.

வைகாசியில் அவர் மனைவி மறுபடி போன் செய்தார். அலமாரியில் ஒரு டேப்லெட் கிடைத்திருக்கிறது. கடைசி ஆறு வருஷம் கண்ணில் க்ளாக்கோமா முற்றி, அச்சுப் புத்தகம் அவருக்கு முடியாமல் போயிற்று. மகன் வாங்கிக்கொடுத்த டேப்லெட்டில் எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தை என்ற கணக்கில், பிடிவாதமாகப் படித்துக்கொண்டிருந்தார். இருநூறு புத்தகத்துக்குப் பக்கம் வாங்கியிருப்பார். கார்டு எழுதுவது நின்றுவிட்டது. குறிப்புகளை அதிலேயே விரலால் தட்டி வைத்தார். மின்நூலாக மட்டும் வந்த என் கடைசிக் கவிதைத் தொகுப்பைப் பற்றிக் கேட்டபோது, "ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வரும்போது பாருங்கள்" என்றார். நான் போவதற்குள் அவர் போய்விட்டார்.

டேப்லெட்டுக்கு சார்ஜ் ஏற்றினோம். புத்தக ஆப் பாஸ்வேர்டு கேட்டது. மறந்துவிட்டதா என்று அதுவே கேட்டது. ஆம் என்றோம். அவருடைய போன் நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் அடங்கிப்போனது. அதைக் கூப்பிட்டேன். வேறு ஊரில் ஒரு பையன் எடுத்தான். நம்பர் இப்போது அவனுடையது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் பயந்து போனை வைத்துவிட்டான். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று பாங்கு அவனுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் செய்தது சரி.

கம்பெனியைப் போனில் பிடிக்க ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. "அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணும் மேடம்" என்றது ஒரு பெண் குரல். "அவரு பேசமாட்டாரும்மா" என்றார் இவர். பிறகு ஈமெயில் வந்தது. அந்த நூல்கள் அவருக்கு மட்டும் அளிக்கப்பட்ட உரிமம் என்றும், அது வாரிசுகளுக்குப் போகாது என்றும். இதற்கிடையில் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், இன்னொரு கம்பெனியின் சினிமா ஆப் மாதாமாதம் கூட்டுக் கணக்கிலிருந்து சந்தாவை எடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த லாகின் செய்ய வேண்டும். லாகின் செய்ய அதே நம்பருக்கு வரும் ஆறு இலக்கம் வேண்டும். மரணச் சான்றிதழுடன் பாங்குக்குப் போய் நிறுத்தினோம். நாங்கள் உள்ளே போக வழி இல்லை. எங்களிடமிருந்து பணம் வெளியே போக வழி இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கேட்டார்: "அப்ப, அவரு காசு குடுத்துத்தானே வாங்கினாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் எழுதியது இது. பதில் சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் இருக்கிறது.

2

புத்தகத்துக்குப் பூட்டுப் போடுவது புதிது அல்ல. ஐரோப்பாவில் மடங்களிலும் தேவாலயங்களிலும் சில நூற்றாண்டுகள் புத்தகங்கள் இரும்புச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அப்படிப்பட்ட நூலகம் ஒன்று அப்படியே மிஞ்சியிருக்கிறது. சங்கிலி அட்டையின் முன் விளிம்பில் மாட்டப்பட்டிருப்பதால், புத்தகங்கள் முதுகைச் சுவருக்குக் காட்டி, தாள் விளிம்பை வாசகனுக்குக் காட்டி நிற்கும். எடுத்து, கீழே உள்ள சாய்மேஜையில் வைத்துப் படித்து, திருப்பி வைக்கலாம். சங்கிலியின் நீளம்தான் எல்லை.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன், 1931ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதல் விதியை விளக்கும்போது இந்தச் சங்கிலியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். புத்தகம் பயன்பாட்டுக்கு என்பது அந்த விதி. இதைக்கூட ஒருவர் விதியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டியிருந்தது. நூலகரின் வேலை புத்தகத்தைக் காப்பது, வாசகனிடமிருந்து காப்பது என்ற மனோபாவம் அன்று சகஜம். ரங்கநாதன் வாசகனை அலமாரிகளுக்கிடையே நேராக நடக்கவிட்டார். அதே 1931ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. என் நண்பர் பள்ளிக்கூட நாட்களில் படித்ததெல்லாம் அந்தச் சட்டத்தால் வந்த ஒரு கிளை நூலகத்தில்.

சங்கிலியைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது புத்தகத்தைக் கட்டியது, வாசகனைக் கட்டவில்லை. யார் அந்த மேஜைக்கு முன் நின்றாலும் பக்கம் திறக்கும். மேலும் சங்கிலியைப் போட்டவன் புத்தகத்தின் சொந்தக்காரன். தன் பொருளைத் தான் கட்டினான். இந்த இரண்டு குணங்களும் பின்னால் தலைகீழாகப் போகின்றன.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தை ஏதோ திறந்த வீடு போலச் சித்திரிக்கும் ஆசை எனக்கு இல்லை. நம் சுவடிகள் பாஸ்வேர்டு கேட்கவில்லை, கேட்டது ஜாதியை. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் ராமசாமி முதலியார் 1880ல் உ. வே. சாமிநாதையரிடம் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். 1887ல் அது அச்சேறியது. ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுத்ததால் நமக்கு ஒரு இலக்கியமே கிடைத்தது என்பது உண்மை. அந்தக் கைகளின் வட்டத்துக்கு வெளியே யார் யார் நின்றார்கள் என்பதும் உண்மை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போக 1939 ஆயிற்று. வாசலில் நின்றவன் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்கவில்லை, "நீ யார்" என்று கேட்டான். அச்சு இயந்திரம் செய்த பெரிய காரியம், அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு பொருளைத் தெருவில் கொண்டுவந்து வைத்தது. காசு கொடுத்தவனுக்குப் புத்தகம். அவன் யார் என்பது புத்தகத்துக்குத் தெரியாது.

3

பதிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1904ல் அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டது. உள்பக்கத்தில் ஒரு அறிவிப்பு: சில்லறை விலை ஒரு டாலர், எந்த வியாபாரியும் இதற்குக் குறைத்து விற்க உரிமை இல்லை, விற்றால் காப்புரிமை மீறல். நியூயார்க்கில் மேசீஸ் என்ற பெரிய கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908ல் தீர்ப்பு. பிரதியை ஒரு தடவை விற்றதோடு பதிப்பாளனின் கை அந்தப் பிரதியிலிருந்து எடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அது எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லை. நம்முடைய 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்திலும் இந்தக் கருத்து ஒரு சிறிய வாக்கியமாக இருக்கிறது. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதிகள் மீது அந்த உரிமை செல்லாது.

புழக்கம் என்ற சொல்லை நான் விரும்புகிறேன். பதினோரு சென்ட் தள்ளுபடியைப் பற்றிய அற்பத் தகராறில் பிறந்த இந்த விதியின் மேல்தான் வாசக வாழ்க்கை என்று நாம் அறிந்த அத்தனையும் நிற்கிறது. 1985ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் அதன் மேல் நின்றது. வாடகை நூல் நிலையங்கள் அதன் மேல் நின்றன. இரவல் வாங்கித் திருப்பித் தராத நண்பனும் அதன் மேல்தான் நிற்கிறான். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும், 1992ல் அவர் இறந்த பிறகு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை அவர் குடும்பத்தாரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடிந்தது. காரணம் எளிமையானது. அவை அவருடையவை. அவருக்கு அவை உரிமமாகத் தரப்பட்டிருந்தால், அவர் இறந்த அன்று கோட்டையூரில் ஒரு காலி வீடு மட்டும் இருந்திருக்கும்.

சந்தா என்ற சொல்லும் இதே மாதிரி இடம் மாறிவிட்டது. பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. பலபேர் கூடிக் கொடுக்கும் பணம் என்று அர்த்தம். எழுத்துலகில் நாம் அதை அந்த அர்த்தத்தில்தான் அறிவோம். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை நடத்தியது சந்தாவினால், சந்தா போதாததால் தன் கைக்காசினால். சந்தா கட்டியவன் வாடிக்கையாளன் அல்ல, கூட்டாளி. பத்திரிகை நின்றுபோனால் பாக்கி இதழ்களுக்கு உண்டான அவன் பணம் போகும். அதுவரை வந்த இதழ்கள் போகாது. நின்றுபோன எத்தனையோ பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டி ஏமாந்தவர் என் நண்பர். ஆனால் அந்த ஏமாற்றங்கள் எல்லாம் பைண்டு செய்து அவர் அலமாரியில் இருந்தன. இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. இன்றைய சந்தா வேறு. கட்டுவதை நிறுத்திய மாதமே கட்டிய வருஷங்களும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன.

4

பாஸ்வேர்டுக்கு வருகிறேன். இதைக் கடவுச்சொல் என்று தமிழாக்கியவர்களுக்கு நல்ல காது இருந்திருக்கிறது. கடவு என்றால் வழி. இலங்கையில் பாஸ்போர்ட்டை நெடுநாளாகக் கடவுச்சீட்டு என்கிறார்கள். வழிவிடும் சொல். ஆனால் இச்சொல்லின் வம்சம் ராணுவ வம்சம். ரோமானியப் பாசறைகளில் இரவுக் காவலுக்கான சொல்லை ஒரு மரப்பலகையில் எழுதி, படைப்பிரிவு படைப்பிரிவாகக் கைமாற்றி, இருட்டுவதற்குள் அதிகாரியிடம் திரும்பக் கொண்டுவருவார்கள் என்று பாலிபியஸ் எழுதியிருக்கிறார். ஒரு பலகை வராவிட்டால் எந்தப் பிரிவில் தங்கிப்போனது என்று கண்டுபிடித்துவிடலாம். காவல் சொல்லின் உயிர், அது பகிரப்படுவதில் இருந்தது. பாசறைக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே சொல்.

கம்ப்யூட்டருக்கு அது வந்தது 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில். ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் உபயோகிக்க வழி செய்த அமைப்பு ஒன்றை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அதாவது அறையில் தங்கியிருக்கும் மாணவர்கள் தத்தம் டிரங்குப் பெட்டிக்குப் போட்ட பூட்டு. வேடிக்கை என்னவென்றால் 1962லேயே அது உடைந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கீடு. போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி ஒரு துளை அட்டையில் இயந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தார். அது அச்சடித்துக் கொடுத்தது. மற்றவர்கள் பெயரில் நுழைந்து தன் வேலையைச் செய்தார். பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார். முதல் திருடன் யாருடைய ரகசியத்தையும் விரும்பவில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று மாமன் வீட்டு அக்கவுண்டில் சினிமா பார்க்கும் பிள்ளைகளுக்கு அவரே மூதாதை. 2014ல், முதிர்ந்த வயதில், பாஸ்வேர்டு ஒரு பயங்கரக் கனவாகிவிட்டது என்று கோர்பட்டோ பேட்டியில் சொன்னார்.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று நம்மைப் படுத்தும் விதிகளுக்கும் ஒரு மூலம் உண்டு. 2003ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்ற அதிகாரி எழுதிய ஆவணம் அது. 2017ல் தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவர் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதிகளை மாற்றியது. உலகம் மாற்றவில்லை. எழுதியவன் கைவிட்ட விதிகள் வேதமாக நீடிப்பது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் ஆறு இலக்கம் வந்தது வேறு வழியாக. கார்டில் ஆன்லைனில் பணம் கட்ட இரண்டாவது அத்தாட்சி ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. நியாயமான காரணம், எத்தனையோ பேருடைய பணத்தை அது காப்பாற்றியிருக்கிறது. மாதாமாதம் தானே எடுத்துக்கொள்ளும் சந்தாக்களுக்கு, எடுக்கும் முன் குறைந்தது ஒரு நாள் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதியும் 2021 அக்டோபரில் வந்தது. என் நண்பருக்கும் தகவல் போயிருக்கும், இல்லாத நம்பருக்கு. விதி செய்தவர்கள் வாடிக்கையாளன் ஏமாறுவான் என்பதுவரை யோசித்தார்கள். அவன் சாவான் என்று யோசிக்கவில்லை.

இங்கே நான் பிரித்துப் பார்க்க விரும்புவது ஒன்று. பாங்கு கேட்கும் ஓடிபி என் பணத்துக்கு நான் போட்ட பூட்டு. மாணவன் தன் டிரங்குப் பெட்டிக்குப் போட்ட பூட்டின் வம்சம். புத்தக ஆப் கேட்கும் ஓடிபி பார்வைக்கு அதேதான். அதே ஆறு இலக்கம், அதே முப்பது விநாடிப் பதற்றம். ஆனால் அது காப்பது என்னை அல்ல, என்னிடமிருந்து கம்பெனியை. பூட்டு என் வீட்டில் இருக்கிறது, சாவிக்கொத்து வேறொருவன் இடுப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், பாதுகாப்பு. இந்தக் குழப்பத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. சங்கிலி புத்தகத்தைக் கட்டியது என்றேன். இது வாசகனைக் கட்டுகிறது.

5

உரிமம் என்ற சொல்லைக் கேட்டதும் என் தலைமுறைக்கு ரேடியோ லைசென்ஸ் ஞாபகம் வரும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் வருஷாவருஷம் பணம் கட்டி ஒரு சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்க வேண்டும். 1980களின் நடுவில் அது ஒழிந்தது. என் நண்பர் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தவர். கட்டாதவர்கள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ரேடியோவைப் பரணில் போர்த்தி வைப்பார்களாம். சர்க்காரின் தொந்தரவு என்று அன்று அதைத் திட்டினோம். ஆனால் ஒன்று, லைசென்ஸ் முடிந்த ரேடியோவும் பாடியது. பெட்டி இன்ஸ்பெக்டருக்கு விசுவாசமாக இருக்கவில்லை, வீட்டுக்காரனுக்கு விசுவாசமாக இருந்தது.

பெட்டி கட்சி மாறியது 1990களில். டிவிடி வந்தபோது உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் ஒன்று, ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு, தென்கிழக்கு ஆசியா மூன்று, இந்தியா ஐந்து. ஒரு மண்டலத்து வட்டை இன்னொரு மண்டலத்துக் கருவி வாங்கிக்கொள்ளாது. டொராண்டோவில் ஒன்றும், லண்டனில் இரண்டும், சிங்கப்பூரில் மூன்றும், சென்னையில் ஐந்துமாகத் தமிழன் இருந்தான். காசு கொடுத்து வாங்கி, கடல் கடந்து பெட்டியில் கொண்டுவந்த படம், சொந்தக் கருவியில் ஓட மறுத்தது. 1999ல் நார்வேயில் ஒரு பதினைந்து வயதுப் பையன் சம்பந்தப்பட்ட சிறு குழு அந்த வட்டுகளின் பூட்டை உடைத்தது. வழக்குப் போட்டார்கள். தான் வாங்கிய வட்டைத் தான் பார்ப்பது குற்றம் அல்ல என்று 2003ல் அவன் விடுதலையானான். இன்றைக்கு வட்டே இல்லை. மண்டலம் மட்டும் இருக்கிறது. விமானம் ஏறி இறங்கினால் நேற்றிரவு பாதி பார்த்த படம் பட்டியலிலேயே இல்லாமல் போவது இதனால்தான். படத்தின் உரிமை நாடு நாடாக விற்கப்பட்டிருக்கிறது. சந்தா நம்மோடு பயணம் செய்கிறது, படம் செய்வதில்லை.

பகிர்வதைப் பற்றியும் கம்பெனிகளின் மனம் மாறும் வேகம் சரித்திரத்தில் பதிய வேண்டியது. பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வதே அன்பு என்று 2017ல் சமூக ஊடகத்தில் குறும்பாக எழுதிய நெட்ஃப்ளிக்ஸ், 2023ல் ஒரே வீட்டில் இல்லாதவர்கள் பகிரக் கூடாது என்றது. அந்த ஜூலையில் இந்தியாவுக்கும் அது வந்தது. வீடு என்றால் என்ன, குடும்பம் என்றால் யார் என்று ஒரு கம்பெனி வரையறுக்கிறது. சென்னையில் மகன், கும்பகோணத்தில் அப்பா என்றால் அது இரண்டு வீடு.

புத்தகத்துக்கு வந்ததுதான் கொடுமை. 2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் கருவிகளிலிருந்து, வாங்கியவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு நூல்களை அழித்தது. விற்றவருக்கு அமெரிக்காவில் அவற்றின் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. அந்த இரண்டு நூல்களும் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யும் '1984'ம் என்பதைக் கற்பனையில் எழுதினால் மிகை என்று நாமே வெட்டிவிடுவோம். பள்ளிப் பாடத்துக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் வழக்குப் போட்டான். அவன் குறிப்புகள் இருந்தன, அவை எந்த வரியைச் சுட்டினவோ அந்த வரிகள் இல்லை. கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. வாங்கியிருந்த நூல்கள் எல்லாம் ஜூலையிலிருந்து திறக்கவில்லை. இங்கேயும் பணம் திருப்பித் தந்தார்கள். நூலில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக இருபத்தைந்து டாலர் தந்தார்கள். எவ்வளவு எழுதியிருந்தாலும் இருபத்தைந்து. பக்க ஓரத்தில் ஒரு மனிதன் ஒரு நூலோடு நடத்திய தர்க்கத்துக்கு முதல் முதலாக விலை நிர்ணயம் ஆனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தொகையை நான் பரிகாசம் செய்யவில்லை. எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

6

எதிர்வாதம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். அச்சுப் புத்தகம் என் நண்பரைக் கைவிட்ட இடத்தில் இந்தக் கருவி அவரைத் தூக்கிக்கொண்டது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. கண் முழுக்கப் போன பிறகு வாசித்தும் காட்டியிருக்கும். எந்தப் பைண்டு வால்யூமும் அதைச் செய்யாது. என் தொகுப்பை அச்சிட யாரும் முன்வராதபோது மின்நூல்தான் வாசல் திறந்தது. நாளைக்கு நூறு படம் பார்க்கும் வசதிக்கு முன்னால், உடைமை உடைமை என்று புலம்புவது பழைய நிலச்சுவான்தார் மனோபாவம் என்று ஒரு இளம் நண்பர் சொன்னார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

ஆனால் பெரிய எழுத்தும் பூட்டும் ஒரே பொருள் அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து கணினிக்குள் வைத்தது. லாகின் இல்லை. இறக்கிக்கொண்டவனிடம் அது இருக்கும். அவன் மகனிடமும் இருக்கும். எழுத்தைக் கட்டை விரல் அளவுக்கும் பெரிதாக்கலாம். அதே மின்சாரம், அதே கண்ணாடித் திரை. ஆகவே பூட்டு இயந்திரத்தின் சுபாவம் அல்ல; யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. சுபாவத்தோடு மல்லுக்கட்ட முடியாது, முடிவை மாற்றச் சொல்லலாம். சந்தாப் பொறி என்பதை முறையற்ற வியாபார உத்திகளில் ஒன்றாக நம் மத்திய நுகர்வோர் ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை விற்பவன் அதை உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல், 'வாங்கு' என்ற சொல்லை மட்டும் காட்டி விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஒரு சட்டசபை ஒரு வினைச்சொல்லின் அர்த்தத்துக்காகக் கவலைப்பட்டிருக்கிறது. இது கவிஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழில் வாங்குதல் என்றால் கையில் பெறுதல். கொடுத்தவன் கை விலகினால்தான் வாங்கியவன் கையில் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். 1908ல் ஒரு நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். இன்று கொடுத்தவன் கையை எடுப்பதில்லை. விற்பனை முடிவதே இல்லை.

ஆடியில் மறுபடி கும்பகோணம் போனபோது இதையெல்லாம் அந்த அம்மாவிடம் என்னால் முடிந்தமட்டும் சொன்னேன். அவர் வாங்கவில்லை, வாடகைக்கு இருந்தார். அவர் போனதும் வீட்டுக்காரன் கதவைச் சாத்திக்கொண்டான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் டேப்லெட்டை எடுத்து வந்தார். லாகின் இல்லாமல் திறந்த பக்கத்தில் கடை மட்டும் தெரிந்தது. அவர் படித்த அதே புத்தகங்கள், புதிதாக விற்பனைக்கு. ஒவ்வொன்றின் கீழும் மஞ்சளாக ஒரு பட்டன்.

"இதுல 'வாங்கு'ன்னுதானே தம்பி போட்டிருக்கு" என்றார்.